கருவியில் மாற்றம் ஏதும் உண்டா?

அக்டோபர் 7, திங்கள்

புது நோட்டு. பழையதில் இன்னும் பதினைந்து பக்கம் மிச்சம் இருக்கிறது. ஆனால் அதில் கோடுகளை ஒழுங்காக அச்சடிக்கவில்லை, வெளிறிக் கிடக்கின்றன, எழுத்து மேலும் கீழும் ஏறி இறங்குகிறது. இதில் கோடு நல்ல கறுப்பு. ரெஃப்ரி வாங்கி வந்தார்.

ரெஃப்ரி என்றால் என் வீட்டுக்காரர். ஞானஸ்நானப் பெயர் ஜெபசிங். முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் பி.டி. மாஸ்டர், ஒழிந்த நேரமெல்லாம் கால்பந்து நடுவர். ஓய்வுபெற்று நாலு வருடமாகிறது, வலது முட்டி தேய்ந்துவிட்டது, விசில் மட்டும் இன்னும் கழுத்தில் தொங்குகிறது. காபி வேண்டுமென்றால் ஊதுகிறார். பதிலுக்கு நான் கரண்டியைக் காட்டுவேன்.

என் உத்தியோகம் சூரியனை வரைவது. கேட்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். பல்கலைக்கழக வானியல் துறையின் உச்சியில் ஒரு டோம் இருக்கிறது. மூன்றாம் மாடிவரை லிப்ட், அதற்குமேல் குறுகலாக முப்பத்தெட்டுப் படி. தினம் காலை எட்டரைக்கு ஏறித் தொலைநோக்கியைத் திருப்பி, சூரியன் பிம்பத்தை ஒரு பலகையில் விழவைத்து, அதில் தெரியும் கரும்பொட்டுகளைத் தாளில் பென்சிலால் குறிப்பேன். எத்தனை கூட்டம், எத்தனை பொட்டு என்று எண்ணி எழுதிக் கையெழுத்துப் போடுவேன். சந்தேகமான பொட்டு என்றால் தாளை லேசாக அசைக்க வேண்டும். தாளோடு சேர்ந்து நகர்ந்தால் அது தாளின் அழுக்கு. நகராமல் நின்றால் சூரியனுடையது.

உலகத்தில் இப்படி எண்பதுபேர் வரைந்து வெளிநாட்டில் ஒரு மையத்துக்கு அனுப்புகிறோம். ஒவ்வொருவர் கண்ணும் ஒருவிதம் என்பதால் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தந்திருக்கிறார்கள். என் எண் 0.72. நான் நூறு என்று சொன்னால் அவர்கள் எழுபத்திரண்டு என்று வைத்துக்கொள்வார்கள். அவ்வளவு பொடியானதையும் விடாத கண் என்று அர்த்தம், எண் ஏறினால் கண் பொட்டுகளை விட்டுவிடுகிறது என்று அர்த்தம். மற்றவர்களுக்கு அந்த எண் ஏறும், இறங்கும். எனக்கு முப்பத்திரண்டு வருடமாக அசையவில்லை. வருகிற மே மாதம் ஓய்வு. அன்றைக்கு முப்பத்து மூன்று முடியும்.

இன்று ஏழு கூட்டம், நாற்பத்தொரு பொட்டு. தொலைநோக்கியின் லென்சில் தூசி. துடைத்தேன்.

அக்டோபர் 9, புதன்

மேகம். வரையவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

ஆராதனை முடிந்து பெண்கள் ஐக்கியக் கூட்டம் இருந்தது. ரெஃப்ரி முதல் ஆராதனையோடு நழுவிவிட்டார். மதியம் இரண்டரைக்கு நான் வீடு திரும்பி அரைமணி கழித்து நொண்டிக்கொண்டே வருகிறார். டிராக் பேண்ட் முழுக்க வெள்ளை வர்ணம்.

"எங்க போயிருந்திய?"

"ஸ்கூல் கிரவுண்டுல கோல் போஸ்ட்டுக்குப் பெயிண்ட் அடிச்சோம்ளா. ஆள் இல்லனு கூப்பிட்டாவ."

"முட்டிய வச்சிக்கிட்டு ஒங்களுக்கு இது தேவையா? ஊருக்கு ஒழைக்கப் பொறந்தவரு!"

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார், எழுந்திருக்கத்தான் முடியவில்லை. தைலம் தேய்த்துவிட்டேன், திட்டிக்கொண்டேதான். கறை துவைத்தும் போகவில்லை. டோம் சாவியைப் பையில் காணாமல் ஒருமணி நேரம் தேடினேன். கடைசியில் பிரிட்ஜ் மேலே இருந்தது. எனக்கு மறதி வந்துவிட்டது போல.

அக்டோபர் 14, திங்கள்

அதிசயம்! கட்டடங்களைப் பராமரிக்கும் எஸ்டேட் ஆபீஸ் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. டோம் படிகள் முப்பத்தெட்டின் விளிம்பிலும் வெள்ளைக் கோடு அடித்துவைத்திருக்கிறார்கள். படிக்கட்டில் ஒரு குண்டு பல்பு போடுங்கள் என்று மூன்று வருடமாக எழுதிக்கேட்கிறேன், பல்பு வரவில்லை, வர்ணம் வந்திருக்கிறது. போகட்டும். நன்றிக் கடிதம் எழுதினேன். கடந்த மாதம் இரண்டு தடவை கால் இடறியது, அந்தப் படிகள் சரியான உயரத்தில் கட்டப்படவே இல்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

மையத்திலிருந்து மாதாந்தர மெயில். செப்டம்பருக்கு என் எண் 0.77.

மூன்றுமுறை பார்த்தேன். ஊருக்கு வெளியே குப்பையை எரிக்கிறார்கள், அந்தப் புகைதான் காரணம். கிழக்கே வேப்பமரம் வேறு வளர்ந்து நிற்கிறது.

இரவு விளமீன் குழம்பு. நான்தான் ஆய்ந்தேன். ரெஃப்ரி தட்டில் ஓரமாக ஏதோ ஒதுக்கிக்கொண்டே சாப்பிட்டார்.

"என்ன, செதிலு இருக்கா?"

"சேச்சே. கறிவேப்பில."

குழம்பில் கறிவேப்பிலை போட மறந்துவிட்டேன் என்பது இப்போது எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

நவம்பர் 4, திங்கள்

சுலைஹா மேடம் டோமுக்கு ஏறி வந்தாள். மேடம் என்பது ஆபீசில். இந்த நோட்டில் அவள் சுலைஹாதான். ஆராய்ச்சி மாணவியாக வந்தபோது இரட்டைப் பின்னல், இப்போது பேராசிரியை, நாற்பத்திரண்டு வயது. எனக்குத் தங்கை இல்லை, அந்தக் குறையை இவள் தீர்த்துவைத்தாள், கொஞ்சம் அதிகமாகவே.

கையில் ஒரு டப்பா பிரியாணி, இன்னொரு கையில் அச்சடித்த தாள்.

"அக்கா, உக்காந்து படிங்க. ஆறு வருஷமா எழுதுனது."

எழுத்து பொடியாக இருந்தது, அவளையே வாசிக்கச் சொன்னேன். சூரியனின் பொட்டுகள் பதினோரு வருடத்துக்கு ஒருமுறை பெருகிக் குறையும். மூன்று சுற்று என்றால் முப்பத்து மூன்று வருடம். மூன்று சுற்றையும் ஒரே தொலைநோக்கியில், ஒரே ஆள், ஒரே கண்ணால் பார்த்த கணக்கு அபூர்வம். அதுதான் கட்டுரை. மே மாதம் என் கடைசித் தாளோடு முடித்து அனுப்பப்போகிறாள்.

"மேல பேரைப் பாத்தீங்களா?"

பார்த்தேன். அதுமட்டும் பெரிய எழுத்து. எஸ்தர் கனகபாய். அடுத்துத்தான் அவள் பெயர். இத்தனை வருடத்தில் என் தாளை வைத்து இருபது முப்பது கட்டுரை வந்திருக்கும். கடைசிப் பக்கத்தில் 'தொழில்நுட்ப உதவிக்கு நன்றி' என்று ஒருவரி போடுவார்கள், சிலர் அதையும் போட மாட்டார்கள்.

"மேடம், இதெல்லாம் எதுக்கு?" என்றேன்.

"ஒங்க கண்ணு க்கா. என் பேரை எப்படி மொதல்ல போடுறது?"

பிரியாணி நன்றாக இருந்தது. பாதியை ரெஃப்ரிக்குக் கொண்டுவந்தேன்.

நவம்பர் 12, செவ்வாய்

ரெஃப்ரியின் சட்டைக்குப் பட்டன் தைக்க உட்கார்ந்தேன். இப்போது வருகிற ஊசிகளுக்குக் காதே ஒழுங்காக வைப்பதில்லை. அவர் வாங்கி ஒரே தடவையில் கோத்துக் கொடுத்துவிட்டு, "ஒனக்குப் பொறுமை இல்லளா" என்றார். எனக்கா பொறுமை இல்லை?

மாலை பஸ் விளக்குகளைச் சுற்றி வானவில் மாதிரி வளையம். இந்த வருடம் பனி சீக்கிரமே இறங்கிவிட்டது. வேதாகமம் பெரிய எழுத்துப் பதிப்பு வாங்கிவிட்டேன், வயதானவர்களுக்குக் கொடுக்க உதவும். அதுவரை நான் வாசிக்கிறேன்.

நவம்பர் 19, செவ்வாய்

அக்டோபருக்கு 0.83. வேப்பமரத்தைக் கழிக்கச் சொல்லி எஸ்டேட் ஆபீசுக்கு எழுதினேன்.

நவம்பர் 23

மழை.

நவம்பர் 26

மழை. பென்சில் எல்லாவற்றையும் சீவினேன்.

டிசம்பர் 4, புதன்

மூன்று நாள் மூடிக்கிடந்த வானம் காலை பத்தே காலுக்கு விரிந்தது, எட்டே நிமிடம். எப்படி வரைந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஐந்து கூட்டம், இருபத்தாறு பொட்டு. சூரியன் சுற்றிக்கொண்டே இருப்பதால் பொட்டுகள் நாளுக்கு இவ்வளவு என்று மேற்கே நகரும். சனிக்கிழமை நான் வரைந்த பொடி ஜோடி ஒன்று, இன்று தென்மேற்கில் எங்கே இருக்க வேண்டுமோ சரியாக அங்கேயே இருந்தது. தாளை அசைத்துப் பார்க்குமுன் மேகம் மூடிவிட்டது. பரவாயில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் கை தானே போகிறது.

சாயங்காலம் வெண்டைக்காய்ப் பொரியல். நறுக்கியது அவர். இப்போதெல்லாம் அரிசியில் கல் பொறுக்குவதும் அவர்தான். ஓய்வுபெற்ற ஆம்பளைக்குப் பொழுது போக வேண்டாமா?

டிசம்பர் 10, செவ்வாய்

நவம்பருக்கு 0.88. இந்தமுறை எண்ணோடு கடிதமும் வந்திருக்கிறது. மிகமிக மரியாதையான கடிதம். இத்தனை வருடம் நம்பகமாக இருந்த தங்கள் நிலையத்தின் எண்ணிக்கை மூன்று மாதமாகக் குறைந்து வருகிறது, கருவியில் மாற்றம் ஏதும் உண்டா, தெரிவித்தால் நலம்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுலைஹா மேலே வந்தாள். உட்காரவில்லை.

"அக்கா, லென்ச மாத்தினோமா?"

"இல்ல."

"பலகை? தாள்?"

"எல்லாம் அதேதான் மேடம்."

கொஞ்சநேரம் தாள்களைப் புரட்டினாள். நாலாம் தேதித் தாளை உருவினாள்.

"இந்தத் தென்மேற்கு ஜோடி... செயற்கைக்கோள் படத்துல இது திங்கக்கிழமையே அழிஞ்சு போச்சு. அன்னைக்கு வரைஞ்ச வேற யார் தாள்லயும் இல்ல. ஒங்க தாள்ல மட்டும் இருக்கு."

எனக்கு வந்ததே கோபம். "செயற்கைக்கோளுக்குக் கண்ணு கெட்டிருக்கும். நீங்க பின்னல் போட்டுட்டு இங்க வரும்போதே நான் பத்து வருஷமா வரைஞ்சுட்டு இருந்தேன்" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. இறங்கிப் போனாள். மேசையில் அவள் கொண்டுவந்த கொய்யாப்பழம் இரண்டு அப்படியே இருந்தது.

டோம் சுவரில் நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் என் கையாலேயே எழுதிவைத்தது இருக்கிறது: கண்டதை மட்டும் வரை. பெரிய எழுத்து. அதை வாசிக்க எனக்கு எந்தச் சிரமமும் இல்லை.

டிசம்பர் 11, புதன்

வரைந்தது நான்தான். பார்த்தது நானா?

அன்றே இரவு

இந்த நோட்டிலும் எழுதாமல் வைத்திருந்ததை எழுதுகிறேன். யாரிடம் ஒளிக்கிறேன்?

ஆகஸ்ட் மாதம் கண் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். ரெஃப்ரியிடம் வளையல் கடைக்குப் போகிறேன் என்று சொன்னேன். டாக்டரம்மா சின்னப் பெண், விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்ணுலயும் புரை இருக்கும்மா. வலது நல்லா முத்திருக்கு. எப்ப வச்சுக்கலாம்?" என்றாள். ஜூன் மாதம் வருகிறேன் என்றேன். ஏன் அவ்வளவு தள்ளி என்றாள். சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பதில் இதுதான். புரையை எடுத்துவிட்டுப் புது லென்சு வைப்பார்கள். புது லென்சு என்றால் அது வேறு கண். முப்பத்து மூன்று வருடம் ஒரே கண் என்று எப்படிச் சொல்வது? ஒன்பது மாதம்தானே, இழுத்துவிடலாம் என்று நினைத்தேன். சுலைஹாவின் கட்டுரைக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கட்டுரையே நவம்பரில்தான் என் கண்ணில் பட்டது. ஆகஸ்டில் நான் யாருக்காக மறைத்தேன்? எனக்காகத்தான். 0.72 என்ற எண்ணின்மேல் எனக்கு அவ்வளவு ஆசை. இந்த ஊரில் வேறு எதில் நான் உலகத்தோடு நின்றேன்?

டாக்டர் சீட்டைப் பழைய, சின்ன எழுத்து வேதாகமத்தில் லேவியராகமத்துக்குள் வைத்திருந்தேன். அந்தப் பக்கம் யார் போவார்கள் என்றுதான். இன்று எடுக்கப் போனேன். சீட்டு இருந்தது. திருப்பினால் பின்பக்கம் பென்சிலில் ரெஃப்ரியின் கோழிக்கால் எழுத்து: 'சொட்டு மருந்து நாளைக்கு ஆறு தடவை. ஒரு வாரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. குனியக் கூடாது. அடுப்புப் பக்கம் போகக் கூடாது. முதலில் வலது, ஒரு மாதம் கழித்து இடது.'

போய் டாக்டரிடமே விசாரித்து வந்திருக்கிறார்!

சீட்டோடு வெளியே வந்தேன். அவர் முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"எப்ப பாத்திய?"

சீட்டைப் பார்த்தார். முறத்தைக் கீழே வைத்தார்.

"செப்டம்பர்ல. நம்ம சர்ச் ஐயரு லேவியராகமத்துலருந்து பிரசங்கம் பண்ணுனாரே, அன்னைக்கு. வீட்டுக்கு வந்து அத எடுத்துப் பாத்தேன்."

"மூணு மாசமாச்சு. ஏன் கேக்கல?"

"பாக்காத ஃபவுலுக்கு நான் என்னைக்குளா விசில் ஊதியிருக்கேன்? நீ ஒளிச்சு வச்சிருக்க. நீயே சொல்லுவனு இருந்தேன்."

"நான் சொல்லாமலே இருந்திருந்தா?"

"மே மாசம் வரைக்கும் கல்லு பொறுக்கியிருப்பேன். என்ன இப்ப?"

நான் அழுதேன். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் அவர் முன்னால் இப்படி அழுதது என் அம்மா செத்தபோது மட்டும்தான். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். அந்த மனுஷனுக்கு எப்போது பேசக் கூடாது என்று தெரியும்.

டிசம்பர் 12, வியாழன்

காலையிலேயே சுலைஹாவின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன்.

"மேடம், நாலாந்தேதி ஜோடிய நான் பாக்கல. அங்க இருக்கும்னு தெரியும், அதனால போட்டுட்டேன். எனக்குக் கண்ணுல புரை. ஆகஸ்ட்லருந்தே தெரியும். கட்டுரையிலருந்து என் பேர எடுத்துருங்க."

அவள் எழுந்து வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினாள்தான், வேறு காரியத்துக்கு.

"அந்தப் படியில தெனம் ஏறி எறங்கினீங்களே! விழுந்திருந்தா? என்னக்கா நீங்க? ஒங்களவிட எனக்கு அந்த எண்ணா பெருசு?"

பிறகு இருவரும் அழுதோம். பிறகு அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு பேராசிரியை ஆனாள். ஆகஸ்டிலிருந்து எல்லாத் தாளையும் மேசையில் பரப்பச் சொன்னாள். எண்பத்துமூன்று தாள். ஒவ்வொன்றிலும் எது நான் கண்டது, எது கை தானே போட்டது என்று என்னால் சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

சொல்ல முடிந்தது. அதுதான் வெட்கம். போடும்போதே உள்ளே ஒரு இடத்தில் தெரிந்துதான் இருந்திருக்கிறது. மாலை வரை உட்கார்ந்து சிவப்புப் பென்சிலால் வளைத்தேன். பத்தொன்பது பொட்டு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'காணவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"சரி, இது போக மிச்சம்லாம் கண்டதுதான், ஆனா கொறச்சலா கண்டது. ஜூலையோட கட்டுரைய நிறுத்தணுமா க்கா? மூணாவது சுற்று முடியாமலே போயிடுமே" என்றாள். அவள் குரலில் ஆறு வருடமும் இருந்தது.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது.

"மேடம், தொலைநோக்கிய மாத்தினா என்ன செய்வோம்?"

"பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சுக் கொஞ்ச நாள் ரெண்டுலயும் பாப்போம். வித்தியாசத்தக் கணக்கெடுத்து..."

நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் என் வலது கண்ணைத் தொட்டேன், பிறகு இடது கண்ணை. முதலில் வலது, ஒரு மாதம் கழித்து இடது என்றுதானே ரெஃப்ரி எழுதியிருக்கிறார்? அந்த ஒரு மாதம் என் முகத்தில் பழைய கருவி ஒன்று, புதுக் கருவி ஒன்று இருக்கும். தினமும் இரண்டு தாள் வரையலாம்.

சுலைஹா என்னைக் கட்டிப்பிடித்து, என் மூக்குக்கண்ணாடியைக் கோணலாக்கிவிட்டாள்.

டிசம்பர் 20, வெள்ளி

வலது கண் ஆபரேஷன். இதை அவர் கையால் எழுதுகிறார், நான் சொல்லச் சொல்ல. வலிக்கவே இல்லை. அவருக்குத்தான் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, நர்சு அவரையும் படுக்கவைத்தாள். (இது தேவையில்லாத விஷயம். - ஜெ.)

டிசம்பர் 21, சனி

கட்டுப் பிரித்தார்கள். ஆஸ்பத்திரிச் சுவர் வெள்ளையாக இருந்தது. இவ்வளவு வெள்ளை உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. இடது கண்ணை மட்டும் திறந்தால் அதே சுவர் பழைய தாள் நிறம். வருடக்கணக்காக வெள்ளையும் மஞ்சளும் எனக்கு ஒன்றாகவே தெரிந்து வந்திருக்கின்றன.

பிறகு ரெஃப்ரி எதிரில் வந்து நின்றார். காதில் எவ்வளவு முடி! மீசைக்குக் கீழே ஷேவ் செய்யும்போது விட்டுப்போன இடம். கண்ணைச் சுற்றிச் சுருக்கம்.

"எப்பிடிளா இருக்கேன்?"

"கெழவனாயிட்டிய."

"அப்ப ஆபரேஷன் சக்சஸ்" என்றார் டாக்டரம்மாவிடம்.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். குனியக் கூடாது, அதனால் முழங்கால்படியிடாமல் ஜெபம் செய்தேன். ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அச்சு முறுக்கு அவர் சுட்டது, அச்சே தெரியவில்லை.

ஜனவரி 6, திங்கள்

டாக்டரம்மா அனுமதி கொடுத்து, பதினேழு நாளுக்குப் பிறகு டோமுக்குப் போனேன். சுலைஹா துணைக்கு வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். லிப்டிலிருந்து இறங்கிப் படிக்கட்டுக் கதவைத் திறந்தேன்.

கோடு மஞ்சளாக இருந்தது.

மழை வெயிலில் நிறம் மாறுவதற்கு அது வெளிப்படிக்கட்டு இல்லை. இடது கண்ணை மூடிப் பார்த்தேன், மஞ்சள். வலதை மூடிப் பார்த்தேன், வெள்ளை மாதிரிதான். சரி, மஞ்சள்தான் அடித்திருக்கிறார்கள் என்று ஏறத் தொடங்கினேன். அப்போதுதான் கவனித்தேன், கான்ட்ராக்டர் ஆள் அடித்த வேலை இல்லை அது. கீழ்ப்படிகளில் கோடு நடுங்கிக் கோணலாகப் போகிறது. மேலே ஏற ஏற நேராகிறது. மேலிருந்து கீழே அடித்துக்கொண்டு வந்த ஆளுக்கு வரவர முடியாமல் போயிருக்க வேண்டும். இருபதாம் படிக்குமேல் சுவர் சுத்தம். அதற்குக் கீழே இரண்டு படிக்கு ஓரிடம் சுவரில் மஞ்சள் கைத்தடம், ஊன்றி ஊன்றி எழுந்திருக்கிறார்.

மேலே போனேன். வேலையை முதலில் பார்க்க வேண்டும். வானம் கழுவி விட்டது போலிருந்தது. இடது கண்ணைக் கட்டிக்கொண்டு வலது கண்ணால் ஒரு தாள், வலதைக் கட்டிக்கொண்டு இடதால் ஒரு தாள். சந்தேகமான பொட்டு ஒவ்வொன்றுக்கும் தாளை அசைத்தேன். சுலைஹா கீழே காத்திருந்து இரண்டையும் வாங்கிக்கொண்டாள். இப்படி ஒரு மாதம் போனால் ஆகஸ்டிலிருந்து ஆனதைச் சரிசெய்துவிடலாம் என்கிறாள். கட்டுரைக்குத் தலைப்பை மட்டும் மாற்றுகிறாள். ஒரே கண் என்பதை எடுத்துவிட்டு ஒரே ஆள் என்று போடுகிறாள். பெயர் வரிசையை மாற்ற மாட்டாளாம்.

மையத்துக்கு என்னையே பதில் எழுதச் சொன்னாள். படிவத்தில் 'கருவியில் மாற்றம்' என்ற இடத்தில் எழுதினேன்: வரைபவரின் வலது கண்ணில் புது லென்சு, டிசம்பர் 20. இடது கண், பிப்ரவரியில்.

வீட்டுக்கு வந்தேன். ரெஃப்ரி காலையில் கிரவுண்டுக்குப் போய்வந்து டிராக் பேண்டைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். அக்டோபருக்குப் பிறகு இன்றுதான் அதை உடுத்தியிருக்கிறார். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். உள்ளே வந்து இந்த நோட்டில் அக்டோபர் 13-ஐத் திருப்பினேன். 'டிராக் பேண்ட் முழுக்க வெள்ளை வர்ணம்' என்று நானே எழுதியிருக்கிறேன். சாவி பிரிட்ஜ் மேலே இருந்தது என்றும் எழுதியிருக்கிறேன். இவ்வளவு எழுதி வைத்தும் எனக்குத் தெரியவில்லை பாருங்கள். எஸ்டேட் ஆபீசுக்கு நன்றிக் கடிதம் வேறு.

அவர் காபிக்கு விசில் ஊதினார். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஏங்க, கோல் போஸ்ட்டுக்கு யாராவது மஞ்சப் பெயிண்ட் அடிப்பாவளா?"

டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார்.

"அந்த ஸ்கூல்ல அப்பிடித்தான்" என்றார்.

முட்டிக்குத் தைலம் எடுத்துவந்தேன். இந்தமுறை திட்டாமல் தேய்த்துவிட்டேன். என்னளா விசேஷம் என்று மட்டும் கேட்டார்.

இன்றைய கணக்கு. வலது கண்: ஒன்பது கூட்டம், அறுபத்து நாலு பொட்டு. இடது கண்: ஏழு கூட்டம், முப்பத்தொரு பொட்டு. படியில் மஞ்சள் கோடு முப்பத்தெட்டு, சுவரில் கைத்தடம் பத்து. டிராக் பேண்டில், இரண்டு முட்டியிலும் சேர்த்து, மஞ்சள் பொட்டு பதினேழு. கொடியை அசைத்துப் பார்த்தேன். எல்லாம் நான் கண்டது.